ஒட்டுக்குக் கீழே முளைத்தது

இலை எண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோசாச் செடிக்கு முன்னால் குனிந்து, ஒரு இலைக்காம்பைப் பிடித்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணுவார்கள். ஏழு வந்ததும் கோழிக் கள்ளனைப் பிடித்தவர்கள்போல நிமிர்ந்து, "உது காட்டு ரோசா" என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஐந்து வந்தால் நல்ல ரோசா, ஏழு வந்தால் காட்டு ரோசா. யாழ்ப்பாணத்தில் பூக்கன்று வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் கத்தியை எடுக்கிறார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்று மானிப்பாயில் இருக்கிறேன். ஒரு காம்பில் ஏழு சிற்றிலை விடுகிற வீட்டு ரோசாக்கள் எத்தனையோ உண்டு, ஐந்தோடு நின்றுவிடுகிற காட்டு ரோசாக்களும் உண்டு, ஒரே கொப்பில் ஐந்தும் ஏழும் மாறி மாறி வரும் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் இப்போது எனக்கு வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே வருகிறது. அது எங்கள் ஊர்க் கிணற்றடியில் தொடங்கியது.

எங்கள் ஊர் வடக்கே, கடற்காற்றில் துணி பிசுபிசுக்கிற தூரத்தில் இருக்கிறது. கடலுக்குக் கிட்ட என்பதால் அங்கே பல கிணறுகள் உவர். எங்கள் வளவுக் கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் நல்ல தண்ணீர். சமையலுக்கு அள்ள ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரர் எல்லாரும் இந்த இரண்டு படலையையும் திறந்துகொண்டு வருவார்கள். அந்தக் கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், அம்மாவின் ரோசா நின்றது. இரத்தச் சிவப்பு, அடுக்கு ரோசா. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பீடத்தில் பூ வைக்க வீட்டுக்கு வீடு முறை இருந்தது. எங்கள் முறை வருகிற ஞாயிறுகளில் கோயில் வாசலிலேயே பெண்கள் மூக்கை உயர்த்தி, "இண்டைக்கு அவையின்ரை முறை" என்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை இருந்தது. மெதடிஸ்தப் பெண்கள் பெருமைப்படக் கூடாது என்பதால், தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்.

அது ஒட்டு ரோசா. ஒட்டு ரோசா என்றால் ஒரு செடியில்லை, இரண்டு செடி. வேரும் அடிக்கட்டையும் ஒரு காட்டு ரோசா. எந்த மண்ணிலும் பிழைக்கிற முரட்டுச் செடி. அதன் தண்டில் ஒரு கீறல் போட்டு, நல்ல ரோசாவிலிருந்து எடுத்த ஒரு கண்ணை உள்ளே செருகிக் கட்டிவிட்டால், அந்தக் கண் முளைத்து மேலே சிவப்பாகப் பூக்கும். ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டையும் சும்மா இருக்காது. அதுவும் தன்பாட்டில் தடி தடியாக முளைகளை வெளியே தள்ளும். அவற்றை வெட்டாமல் விட்டால் மேலே உள்ள சிவப்பு சோறின்றிச் செத்துப்போகும். ஏழிலை எண்ணுகிற பழக்கமே இந்த முளைகளைக் கண்டுபிடிக்க வந்ததுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழத் தொடங்கியபோது ஊரை விட்டுக் கிளம்பினோம். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்பா சைக்கிளில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு படலையில் நின்று கத்தினார். நான் மாடத்துப் பைபிளையும் என் பல்கலைக்கழகக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டேன். அம்மாவைக் காணவில்லை. கடைசியில் கிணற்றடிப் பக்கமிருந்து வந்தார். கையில் ஈரச் சீலைத் துண்டால் சுற்றிய ஒரு ரோசாத் தடி. அப்பா வாய்க்கு வந்தபடி ஏசினார். அம்மா அதை என் குடைக்குள் செருகிவிட்டு நடந்தார்.

மானிப்பாயில் வாடகைக்கு எடுத்த வீட்டில் அதைப் பால்மாத் தகர ரின் ஒன்றில் நட்டார். பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை என்றிருந்த அந்த நாட்களில், எங்கள் வீட்டில் ஒழுங்காக வளர்ந்தது அது ஒன்றுதான். நிலத்துக்கு மாற்றினோம். ஒரு மாரி கழிந்ததும் மொட்டுக் கட்டியது. கொத்துக் கொத்தாக, மிளகளவு மொட்டுகள். விரிந்தபோது ஐந்து இதழோடு, ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சிறிய வெள்ளைப் பூக்கள்.

நான் அப்போதுதான் பட்டம் முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். புதிதாகப் படித்தவளுக்குப் பிழை கண்டுபிடிப்பதைவிடச் சந்தோசம் வேறில்லை.

"அம்மா, நீங்கள் அந்த அவசரத்திலை ஒட்டுக்குக் கீழை வந்த தடியை முறிச்சுக்கொண்டு வந்திட்டியள். உது அடிக்கட்டைச் செடி. உதிலை ஒரு நாளும் சிவப்புப் பூக்காது."

"ஓம். தெரியும்," என்றார் அம்மா.

சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? வந்த போன சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னேன். ஆசிரியர் அறையில் சொன்னேன். ஒட்டுதல் பற்றிய பாடம் வருகிற ஒவ்வொரு வருடமும், "என்ரை அம்மா ஊரை விட்டு ஓடேக்கை செய்த பிழையைக் கேளுங்கோ" என்று தொடங்கி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். முப்பது வருடம் அந்தப் பகிடி ஓடியது. அம்மாவின் காதுக்கும் அது போயிருக்கும். மானிப்பாய் அப்படியொன்றும் பெரிய ஊரில்லை.

செடி முதலில் வெள்ளையாகப் பூத்த அந்த நாட்களில் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். "உங்கடை பள்ளிக்கூடத்திலை ஒஃபிசுக்கு முன்னாலை ஒரு சிவப்பு ரோசா நிக்குதெல்லே. அதிலை ஒரு கொப்பு வெட்டிக்கொண்டு வாவன்."

"பூவோ?"

"பூ வேண்டாம். கண்ணிருக்கிற கொப்பு."

ஓம் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். திரும்பவும் கேட்டார்; திரும்பவும் மறந்தேன். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ எரிச்சல் வந்து, பீடத்துக்கு வைக்கச் சிவப்பு ரோசா வேண்டும்போல என்று நானே முடிவு செய்து, கன்று விற்கிறவரிடம் சிவப்பு இல்லையென்று, மண் உறையோடு ஒரு மஞ்சள் ரோசாக் கன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கெதுக்குப் பிள்ளை?" என்றார். நட்டார். கறையான் தின்றது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காரியம் முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன்.

வெள்ளைப் பூச் செடியை நான் அப்படி விடவில்லை. என்ன இனம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காட்டு ரோசாக்களை வகைப்படுத்துவது சண்டைக்காரர்களின் வேலை. உலகத்தில் எத்தனை இனம் என்று கேட்டால் நூறு என்பவரும் உண்டு, இருநூறு என்பவரும் உண்டு. அவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும்; கலந்து பிறந்ததும் காய்க்கும். ஒருவர் இனம் என்று பெயர் வைத்ததை இன்னொருவர் வந்து கலப்பு என்று தள்ளிவிடுவார். இலையின் எண்ணிக்கையை எந்த அறிஞரும் தனியே நம்புவதில்லை. பூவின் நிறத்தையும் நம்புவதில்லை. இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய செதில் இருக்கும். அதன் ஓரம் எப்படி என்று பார்ப்பார்கள். பூவின் நடுவே, சூலகத்தின் மேல் மெல்லிய குச்சிகளாக எழும்புகிற தம்பங்களைப் பார்ப்பார்கள். பெரும்பாலான ரோசாக்களில் அந்தத் தம்பங்கள் தனித்தனியே குட்டையாக நிற்கும். ஒரு கூட்டத்தில் மட்டும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சிறு தூணாக எழும்பும்.

உருப்பெருக்கு வில்லையை வைத்துப் பார்த்தேன். தம்பங்கள் தூணாக நின்றன. செதிலின் ஓரம் ஈர்க்கொல்லிச் சீப்பின் பல்லுப்போலக் கிழிந்து கிழிந்து இருந்தது. இரண்டும் சேர்ந்தால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. ரோசா மல்ரிபுளோரா. கிழக்காசியாவில் வேலியோரமெல்லாம் புதராகப் படர்கிற செடி. ஒட்டுக்கு அடிக்கட்டையாக உலகம் சுற்றி, மலைநாட்டுக் கன்றுத் தோட்டம் ஒன்றின் வழியாக எங்கள் கிணற்றடிக்கு வந்திருக்கிறது. எங்கள் குடாநாட்டில் எந்த ரோசாவும் தானாக முளைப்பதில்லை. இங்கே ஒரு ரோசா நிற்கிறதென்றால், காட்டு ரோசாவேயானாலும், யாரோ கொண்டுவந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

பூவும் இலையுமாக ஒரு கொப்பை வெட்டி, பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்தினேன். தாள் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பி ஒற்றையில் பத்திரிகை அச்சடித்த காலம். இலையின் பின்புறத்தில் நீலக் கோடு படிந்துவிடுமோ என்று பயந்தது நினைவிருக்கிறது. காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, மூலையில் விபரம் எழுத உட்கார்ந்தேன். பெயர், குடும்பம், சேகரித்த இடம், சேகரித்தவர். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"இடம் எண்ட இடத்திலை எங்கடை ஊரை எழுது."

"அப்பிடி எழுதேலாது அம்மா. எங்கை வெட்டினதோ அந்த இடத்தைத்தான் எழுத வேணும். விதி அது."

"அது நிண்டது அங்கைதானே?"

"இப்ப நிக்கிறது மானிப்பாயிலை."

மானிப்பாய் என்று எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்தத் தாளைப் பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில் வைத்து வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

தொண்ணூற்றைந்தில் மானிப்பாயையும் விட்டு ஓடி, அடுத்த வருடம் திரும்பி வந்தோம். அப்போதும் செடி நின்றது. அப்பா காலமாகிப் போனார். அந்த வீட்டையே பிறகு வாங்கினேன். அம்மாவும் போனார். அவர் போன மறு வருடம் மதில் கட்ட மேசன் வந்தார். அத்திவாரம் போகிற வழியில் செடி நின்றது. "ரீச்சர், இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "அது காட்டு ரோசாதான், வெட்டுங்கோ," என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

பிறகு ஒரு நாள், பாதுகாப்பு வலயமென்று படையினர் பிடித்து வைத்திருந்த எங்கள் ஒழுங்கைக் காணிகளை விடுவித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்களிடமிருந்து எடுத்ததை முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, ஒரு மேசை போட்டு, பந்தல் போட்டு, குளிர்பானம் கொடுத்துத் திருப்பித் தந்தார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சிலர் சொன்னார்கள். நான் குளிர்பானத்தைக் குடித்தேன், வெயிலாக இருந்தது.

ஊருக்குள் போனால் ஊர் இல்லை. வீடு ஷெல் பட்டு விழுந்திருந்தால் அத்திவாரமாவது இருக்கும். எங்கள் வீடுகளை டோசர் போட்டு வழித்து, கல்லை எங்கோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வேலிக் கதியால்கள் இல்லை. எல்லைக் கல் இல்லை. ஒழுங்கையே இல்லை. கையில் காணி உறுதிப் பத்திரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அறுபது எழுபது வயதுக்காரர் நாங்கள் பற்றைக்குள் ஆளுக்கொரு பக்கம் திரிந்தோம். யாரை ஏசுவது என்று தெரியாமல், குறுக்கே வந்த நாயை ஏசினேன்.

கிணறு ஒன்றுதான் இருந்தது. எங்கள் கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகக் கிட்டக் கிட்ட இருந்தவை. ஒன்றைத் தூர்த்துச் சமப்படுத்திவிட்டார்கள். மற்றதில் படையினர் குளித்திருக்கிறார்கள். சீமெந்தால் புதுக் கட்டுக் கட்டி, பச்சை நிறம் பூசியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தோய்க்கிற கல் கிடந்தது. கல்லுக்குப் பக்கத்தில், என் தலைக்கு மேல் உயரத்தில், குளித்த தண்ணீர் ஓடிய வாய்க்காலில் வேரை விட்டு, ஒரு பெரிய ரோசாப் பற்றை. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ.

சிவப்பு எப்போதோ செத்திருக்கும். வெட்ட ஆளில்லாமல் அடிக்கட்டை தன்பாட்டில் வளர்ந்துவிட்டது. எங்களை விரட்டிவிட்டு வந்தவர்களின் சவர்க்காரத் தண்ணீரைக் குடித்து அது பிழைத்திருக்கிறது என்று நினைக்க, அதன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செதிலைத் தூக்கிப் பார்த்தேன். சீப்புப் பல். அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை போனபோது, கிணற்றையும் கல்லையும் ரோசாவையும் உள்ளே சேர்த்து, சீமெந்துத் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்திருந்தது. பக்கத்து வளவு அண்ணையின் வேலை. எழுபது வயது தாண்டிய மனிதர். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். மனைவியும் இறந்து, இவ்வளவு காலமும் உடுவிலில் மகள் வீட்டின் பின்னறையில் இருந்தவர்.

"அண்ணை, இது எங்கடை கிணறெல்லோ?"

"உன்ரை கிணற்றைத்தான் அவங்கள் தூர்த்தது, தங்கச்சி. இது என்ரை. என்ரை உறுதியிலை கிணறு எண்டு எழுதிக் கிடக்கு."

என் உறுதியிலும் கிணறு என்று எழுதிக் கிடக்கிறது. எங்கே என்று இரண்டிலும் இல்லை. நல்ல தண்ணீர்க் கிணறு இல்லாத வளவு அந்த ஊரில் வெறும் கல்லுத் தரை. வீடு கட்டிப் போக முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நில அளவையாளர் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். கிராம அலுவலரான விதானையாரிடம் முறைப்பாடு கொடுத்தேன்.

எங்கள் பகுதிக்கு விதானையாராக வந்திருந்தவர் முப்பது வயதுப் பெண். ஒரு காலை, ஸ்கூட்டரைப் பற்றையோரம் நிறுத்திவிட்டு, காகிதக் கோவையோடு கிணற்றடிக்கு வந்தார். நான் பள்ளிக்கூட அலுமாரியிலிருந்து கேட்டு வாங்கிய அந்தத் தாளோடு தயாராக நின்றேன். என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது. செடியை நானே வெட்டுவித்துவிட்டேனே.

"இது அம்மாவின்ரை ரோசா நிண்ட இடம்," என்றேன். "ரோசா எங்கடை வளவிலை நிண்டது ஊருக்கே தெரியும். அப்ப கிணறும் எங்கடை."

அண்ணை சிரித்தார். "ஓம், ஊருக்குத் தெரியும். அவையின்ரை ரோசா சிவப்பு. அடுக்கு ரோசா. கோயிலுக்கு வாற எல்லாரும் பாத்தது. இதென்ன வெள்ளைப் பூ?" பிறகு குனிந்தார். எனக்கு நடக்கப்போவது தெரிந்துவிட்டது. காம்பைப் பிடித்தார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு…" ஏழு வந்தது. நிமிர்ந்தார். "பாருங்கோ பிள்ளை. காட்டு ரோசா. பற்றையோடை தானா முளைச்சது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒட்டு என்றால் என்ன, அடிக்கட்டை என்றால் என்ன, தம்பம் என்றால் என்ன, குடாநாட்டில் ரோசா ஏன் தானாக முளைக்காது என்று வெயிலில் நின்று ஒரு முழுப் பாடம் எடுத்தேன். விதானையார் கோவையால் தலையை மறைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "இதே செடி எங்கடை வீட்டிலையும் நிண்டது. அம்மா இஞ்சையிருந்து கொண்டு வந்தவ," என்று தாளை நீட்டினேன். அவர் செதிலையும் பார்த்தார், பற்றையையும் பார்த்தார். ஒரே செடிதான் என்று தலையாட்டினார். பிறகு மூலையில் இருந்ததை வாசித்தார்.

"சேகரித்த இடம் மானிப்பாய் எண்டெல்லோ கிடக்கு, ரீச்சர்?"

"ஓம், ஆனால்…"

"ஊரின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லையே."

அண்ணை எட்டிப் பார்த்து, "எழுதினது ஆராம்?" என்றார். என் பெயர்தான். என் கையெழுத்துத்தான். விதி படித்தவளின் வடிவான, உருண்டையான கையெழுத்து. அந்த இடத்திலேயே அதைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

விதானையார் கோவையை மூடப்போனார். அப்போது வாயில் வந்ததை அண்ணை மேல் கொட்டினேன். கிணற்றுக்காக இல்லை, இலை எண்ணியதற்காக.

"உங்கடை வளவிலை ஒரு ரோசா நிண்டதோ எப்பவாவது? ரோசாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் எண்டு காம்பைப் பிடிச்சு எண்ணுறியள்?"

அண்ணைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஆர் சொன்னது நிக்கேல்லை எண்டு? என்ரை மனுசி வைச்சிருந்தவ! உன்ரை கொம்மா கிழமைக்குக் கிழமை இந்தக் கல்லிலை ஏறி நிண்டு, உந்த ஏழிலைத் தடியளை வெட்டி வேலிக்கு மேலாலை எங்கடை பக்கம் எறியிறவ. முள்ளு! என்ரை ஆட்டின்ரை கால் எத்தினை தரம் கிழிஞ்சது தெரியுமோ? கேட்டால் உரம் எண்டு சொல்லுவா. அதிலை ஒரு தடியை மனுசி எடுத்து ஊண்டி வைக்க, கொம்மாதான் வந்து தன்ரை சிவப்பிலை ஒரு கண் எடுத்து அதிலை ஒட்டிக் கட்டித் தந்தவ. வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் சிவப்பாப் பூத்தது! ரோசாவைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வந்திட்டா!"

விதானையார் மூடின கோவையைத் திரும்பத் திறந்தார்.

"எந்தக் கல்லிலை நிண்டு எறியிறவ, ஐயா?"

"இந்தா, இந்தத் தோய்க்கிற கல்லு."

"எந்தப் பக்கம்?"

"எங்கடை பக்கம். வேலிக்கு மேலாலை."

"அப்ப கல்லு வேலிக்கு அங்காலை. அவையின்ரை பக்கம். கல்லோடை இருக்கிற கிணறும்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

அண்ணை முள்ளுக்கம்பியைப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். "என்ரை கிணற்றை மூடிப்போட்டாங்கள், பிள்ளை," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு வெற்றி கிடைத்துவிட்டது. அவர் கிணறு வெட்டும்வரை இங்கே தண்ணீர் அள்ளலாம் என்று சொன்னேன். நல்ல மனதோடு சொல்லவில்லை. விதானையார் பார்த்துக்கொண்டு நின்றதால் சொன்னேன். அவருடைய கிணற்றை மூடினவர்கள் இந்தக் கதைக்குள் வரவே இல்லை என்பதும், நாங்கள் இரண்டு கிழடுகள் ஒரு கல்லுக்காகக் குரல் கிழியக் கத்தினோம் என்பதும் பிறகுதான் உறைத்தது.

ஆனால் என்னை அடித்துப்போட்டது அதுவில்லை.

மானிப்பாய்க்குத் திரும்புகிற பஸ்ஸில் தாள் என் மடியில் கிடந்தது. அம்மா கிழமைக்குக் கிழமை அந்தத் தடிகளை வெட்டியவர். எது ஒட்டுக்கு மேலே, எது கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு, அப்பா படலையில் நின்று கத்தும்போது, தவறிப்போய்க் கீழ்த் தடியை முறித்திருப்பாரா? சிவப்புத் தடியை நட்டால் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். காட்டுத் தடி எங்கே ஊன்றினாலும் பிடிக்கும். அதைக் கொண்டுபோய் ஊன்றி, வேர் விட்டதும் ஒரு சிவப்புக் கண்ணை ஒட்டினால், போகிற இடத்திலும் பீடத்துக்குப் பூ இருக்கும். அவர் வேரைக் கொண்டுவந்தார். கண்ணை மட்டும் என்னிடம் கேட்டார்.

நாலைந்து முறை கேட்டார். பூ வேண்டாம், கண்ணிருக்கிற கொப்பு என்று தெளிவாகக் கேட்டார். ஒட்டுதல் பற்றி முப்பது வருடம் படிப்பித்த எனக்கு விளங்கவில்லை. ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று அம்மா மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்தேன். தன் பிழையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்கிற மகளிடம் எதைச் சொல்வது?

வரும்போது கிணற்றடிப் பற்றையில், அடியில், ஒரு தடியை முறித்து ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். ரின்னில் ஊன்றினேன். வேர் விட்டது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். ஒஃபிசுக்கு முன்னால் ரோசா நின்ற இடத்தில் சீமெந்துக் கல் பதித்து, மோட்டார் சைக்கிள் விட்டிருந்தார்கள். கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல பிள்ளை. "எங்களுக்குத் தெரிய அதிலை ரோசா நிக்கேல்லையே, ரீச்சர்," என்றாள்.

கடையில் சிவப்பு ரோசா வாங்கலாம், கண் எடுக்கலாம். இன்னும் செய்யவில்லை. தாளில் மானிப்பாய் என்பதை வெட்டி ஊரின் பெயரை எழுதிவிட்டேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் வெட்டி அம்மாவின் பெயரை எழுதினேன். தாளை இனி ஒரு தாவரவியல்காரரும் ஏற்க மாட்டார். ஏற்காவிட்டால் போகட்டும்.

ரின்னிலிருந்து நிலத்துக்கு மாற்றிய செடி மதிலுக்கு மேல் வந்துவிட்டது. போன கிழமை தெருவால் போன ஒரு பெண் நின்று, காம்பைப் பிடித்து எண்ணினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரீச்சர், உது காட்டு ரோசாவெல்லே? வெட்டாமல் வைச்சிருக்கிறியள்?"

"ஓம். தெரியும்," என்றேன்.